மூன்றாம் அத்தியாயத்து இருமல்

என் வீட்டுக்காரர் நாவல் எழுதுகிறவர். அவர் கதையில் யாராவது இருமினால் போச்சு, ஆள் காலி. மூன்றாம் அத்தியாயத்தில் சும்மா ஒரு இருமல் வரும். இருபதாம் அத்தியாயத்தில் வீடே அழும். பின்னால் வரப்போவதை இப்படி முன்கூட்டியே ஓசைப்படாமல் போட்டு வைப்பதை அவர் விதை என்பார். பதினோரு நாவலையும் தட்டச்சு செய்தவள் நான். விதை விழும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். அது முளைத்ததும் புள்ளியைச் சுற்றி வட்டம் போடுவேன். முளைக்காத புள்ளி ஒன்று மிஞ்சினாலும் தாளை அவர் முன்னால் விட்டெறிவேன். "அண்ணி, அண்ணன் கதைக்குள்ள தும்மக்கூட பயமா இருக்கு" என்று என் கொழுந்தனார் கேலி செய்வார்.

இந்த முறை இருமியது அவரே. ஒரு மாதமாக லொக்கு லொக்கென்று. டாக்டரிடம் காட்டுங்கள் என்றால், "புத்தகம் முடியட்டும்" என்பார். சரியான கல்லுளிமங்கன். புதுக் கதையிலும் மூன்றாம் அத்தியாயத்தில் கணவன் இருமினான். புள்ளி வைத்தேன். பதினெட்டாம் அத்தியாயத்தோடு தாள் வருவது நின்றது. பத்து நாளாக மேஜை முன்னால் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் கேட்காமலே பீரோ சாவி இருக்கும் இடத்தைக் காட்டினார். கதையாக இருந்தால் அங்கே பெரிய புள்ளியே வைத்திருப்பேன்.

நேற்று மத்தியானம் அவர் குளிக்கப் போனபோது பென்சில் தேடி அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். வெள்ளைத் தாள்களுக்கு அடியில் ஒரு எக்ஸ்ரே கவர். மேலே அவர் பெயர், பதினோரு நாளுக்கு முந்தைய தேதி. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

துண்டோடு வந்தவர் என் கையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"எனக்குத் தெரியாம போய் எடுத்தீங்களா?"

தலையை ஆட்டினார்.

"எடுத்தவரு பிரிச்சுப் பார்க்க வேண்டாமா?"

"பயமா இருந்துச்சு" என்றார். "முப்பது வருஷமா எழுதுறேன். இருமினவன் ஒருத்தனையும் பிழைக்க விட்டதில்ல. என்னை மட்டும் யாரு விடுவா?"

கோபத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. "பதினோரு நாள்! பக்கத்துலயே இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லல. உங்க உடம்பு என்ன, உங்க கதையைப் படிச்சுட்டா நடக்குது?" சொல்லிவிட்டேனே தவிர, நானும் அதே பைத்தியம்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மனசுக்குள் இருபதாம் அத்தியாயம் வரை போய் அழுதுவிட்டு வந்தவள் நான்.

கவரைக் கிழித்தேன். கிழித்த வேகத்தில் உள்ளே இருந்த சீட்டும் ஓரத்தில் கிழிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். இரண்டு முறை படித்தேன். நுரையீரலில் கோளாறு எதுவுமில்லை. ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்கவும்.

"ஒண்ணுமில்லைங்க."

"சத்தமா படி."

படித்தேன். அவர் ஈரத் துண்டோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் இரண்டு அடி போட்டுவிட்டு, அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதேன். அவர் சிரித்தார், சிரிப்போடு இருமலும் வந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சத்தம் என்னைப் பயமுறுத்தவில்லை.

"உங்க தாள் அலமாரியைத் துடைக்க வந்தா தாள் கலையும்னு விரட்டுனீங்கல்ல? முப்பது வருஷத் தூசியைத் தின்னா இருமல் வராம என்ன வரும்?"

சாயங்காலம் அலமாரி முழுவதையும் துடைத்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு அவர் தாள் கட்டுகளை எடுத்துக் கொடுத்தார். நடுவில் நிறுத்தி, "கதையில அந்தக் கணவனை என்ன பண்றது? இருமிட்டானே. விதை முளைக்கலன்னா நீ விட்டெறிவியே" என்றார்.

மூன்றாம் அத்தியாயத்தைத் தேடி எடுத்தேன். ரப்பரால் என் சிவப்புப் புள்ளியை அழுத்தி அழித்தேன்.

"இருமிட்டுப் போகட்டும்" என்றேன். "அவனுக்கும் பொண்டாட்டி இருக்காள்ல."