பல்லால் பிடித்த லிஃப்ட்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் சொன்ன வாயில் பல் நிற்காமல் போகட்டும்.

பல் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸுக்கு பில் போடும் பெண்ணை எல்லோரும் பில்லக்கா என்பார்கள். ஆஸ்பத்திரியின் வெளிச்சுவரை ஒட்டி ஏறி இறங்கும் கண்ணாடி லிஃப்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் போய்க்கொண்டிருந்தாள். நான்காவது மாடியருகே கம்பி பட்டென்று அறுந்தது. பக்கத்தில் கயிற்றில் தொங்கியபடி சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டருக்கு ஒரு கையில் வாளி, ஒரு கையில் பிரஷ். வாளியைப் போட்டால் யார் தலையில் விழுமோ. ஆகவே அறுந்த கம்பியைப் பல்லால் பிடித்துக்கொண்டார். தீயணைப்பு வண்டி வர நாற்பது நிமிடம் ஆனது. சும்மா தொங்குவானேன் என்று கைக்கெட்டிய ஜன்னலுக்கு இரண்டாவது கோட் பெயிண்டும் அடித்து முடித்தார்.

முன்பல் ஐந்தும் கம்பியோடு போயின. கூடவே அவர் வாயால் அடிக்கும் விசிலும் போனது. ஒரு விசிலுக்கு மொட்டைமாடிக்காரன் கயிற்றை இறக்குவான், இரண்டுக்கு ஏற்றுவான். தெரு இரைச்சலில் கத்தினால் கேட்காது. விசில் இல்லாவிட்டால் வேலை இல்லை.

பெயிண்டரிடம் பல்லுக்கென்று தனிப் பாலிசி கிடையாது, மருத்துவ இன்சூரன்ஸ் மட்டும்தான். விபத்தில் போன பல்லென்றால் அதிலேயே கேட்கலாம். பில்லக்கா கேட்டாள். 'கடித்ததாலோ மென்றதாலோ உண்டான சேதத்துக்குக் கிடையாது' என்று பதில் வந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்கே போய் உட்கார்ந்தாள்.

"கம்பியைக் கடிச்சிருக்காரேம்மா" என்றார் அதிகாரி.

"கடிச்சா பல்லு அசையணும் சார். நாப்பது நிமிஷம் அவர் பல்லு அசையவே இல்ல. அசைஞ்சதெல்லாம் லிஃப்ட்தான்."

அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். "சாட்சி?"

"உள்ள இருந்ததே நான்தான். அவர் கடிச்சிருந்தா கம்பி துண்டாயிருக்கும். நான் இங்க வந்து உங்க உயிரை எடுத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

"கொஞ்சம் கடிச்சிருக்கலாம்" என்று முனகிக்கொண்டே, 'வெளியிலிருந்து வந்த விசையால் காயம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புதுப் பல் வைத்த அன்று பெயிண்டர் கண்ணாடியில் பார்க்கவில்லை. நேரே பில்லக்காவின் மேஜைக்கு வந்தார்.

"உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, தங்கச்சி."

"நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்ததாலதான் அண்ணே, நான் அங்க போய் வாயைத் திறக்க முடிஞ்சது. யாருக்கு யார் நன்றி சொல்றது?"

அவர் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு விசில் அடித்தார். கயிறு இறங்கி வந்தது.

அந்த ஆஸ்பத்திரிக்குத் தரைத்தளம் மட்டும்தான், மாடி கிடையாது.