சீனித்தண்ணி வரிசை

முதல் தடவை ஈஸ்வரன் சண்டைக்கு வரவில்லை. மாட்டுத் தொட்டியில் செத்து மிதந்த தேனீக்களை ஒரு சிரட்டையில் அள்ளிக்கொண்டு வந்து ஸ்ரீமதியிடம் நீட்டினான்.

"இதுக உங்க பெட்டிக்குத் திரும்பாம எங்க வீட்டையே சுத்திக்கிட்டுக் கெடக்குதுக. வீட்டுல சின்னப் புள்ள இருக்கு. கொஞ்சம் பாத்துக்கங்கம்மா."

பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவன் வேலி தாண்டிப் போனதும் சிரட்டையை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். எல்லாத் தேனீயின் முதுகிலும் வெள்ளைப் பொட்டு. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஸ்ரீமதி திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. சாணார்பட்டிப் பக்கம் மலைச்சாமியின் முருங்கைத் தோப்பில் தேன்பெட்டிகளை இரண்டு வரிசையாக வைத்திருந்தாள். ஒரு வரிசைத் தேனீக்கள் முருங்கை, தென்னை, எள் என்று எந்தப் பூவிலிருந்தும் மகரந்தம் கொண்டுவந்து தின்னலாம். அவற்றுக்கு நீலப் பொட்டு. இன்னொரு வரிசைக்கு வாசலில் துளைத் தகடு அடித்திருந்தாள். நுழையும்போதே காலில் ஒட்டிய மகரந்தம் உதிர்ந்து கீழே தட்டில் விழுந்துவிடும். அதுகளுக்கு ஆகாரம் வெறும் சீனித்தண்ணிதான். முதுகில் வெள்ளைப் பொட்டு.

தின்கிற தீனி, மூளைக்கு மூப்பைச் சீக்கிரம் கொண்டுவருமா? இதுதான் அவளுடைய கேள்வி. தேனீயைச் சின்னக் குழாயில் நிறுத்தி, கிராம்பு எண்ணெய் வாசனையைக் காட்டி, உடனே இனிப்பைத் தொட வைப்பாள். சில தடவைக்குள் வாசனை வந்தாலே அது நாக்கை நீட்டும். இளசுகள் இரண்டு வரிசையிலும் ஒன்றுபோலத்தான் கற்றன. வயதான தேனீக்களில்தான் வித்தியாசம். நீலப்பொட்டுக் கிழங்கள் மறுநாளும் நாக்கை நீட்டின. வெள்ளைப்பொட்டுக் கிழங்கள் மரக்கட்டைபோல நின்றன. வாசனை மட்டுமா மறந்தது? வீட்டுக்குத் திரும்பும் வழியும் மறந்துபோய்த் தொட்டியில் விழுந்து செத்திருக்கின்றன. இதைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்?

ஈஸ்வரன் இரண்டாவது தடவை வந்தபோது குரல் ஏறியிருந்தது. மலைச்சாமியே அவளிடம் சொன்னார்: "சீனித்தண்ணி வரிசைய மட்டும் எடுத்துரும்மா. அவன் என் பங்காளிதான், ஆனா கோவம் வந்தா ஆளு வேற."

"இந்த மாசம் மட்டும் பொறுத்துக்கங்கண்ணே. பாதியில எடுத்தா மூணு வருசம் பட்ட பாடு வீணாப்போயிரும்."

அந்த வாரக் கடைசியில் ஈஸ்வரனின் மகள் ஹரிணி, எலுமிச்சைச் சாற்றுக் குவளைக்குள் கிடந்த தேனீயைப் பார்க்காமல் குடித்துவிட்டாள். நாக்கின் அடியில் கொட்டியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் தொண்டை வீங்கி, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பிள்ளையைத் தாய் கௌசல்யாவிடம் விட்டுவிட்டு ஈஸ்வரன் வண்டியைத் திருப்பினான்.

அவன் தோப்புக்குள் நுழையும்போது ஸ்ரீமதி முகவலை போட்டுக்கொண்டு ஒரு பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். அவன் காலில் செருப்பில்லை. சட்டைப் பொத்தான் கழன்று கிடந்தது. கையில் முருங்கை கழிக்கிற அரிவாள்.

"ஏய்! உன் ஈக்கு வீட்டுக்கு வழி தெரியலன்னா எம்புள்ள தொண்டைதான் கெடச்சுச்சா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் முதல் வெட்டு விழுந்தது. சீனித்தண்ணி வரிசையின் முதல் பெட்டி பிளந்து, அடைகள் மண்ணில் சரிந்தன. ஒரே உதையில் இரண்டாவது பெட்டி கவிழ்ந்தது. வெட்டினான், உதைத்தான், மறுபடி வெட்டினான். பலகை தெறித்து ஸ்ரீமதியின் முழங்காலில் பட்டுத் தோல் கிழிந்தது. அந்த வரிசைத் தேனீக்களுக்கு எதிர்த்துப் பறக்கத் தெம்பில்லை. பாதி மண்ணில் ஊர்ந்தன. அவன் வெறுங்காலால் நசுக்கினான். கொட்டு வாங்கினான். மறுபடி நசுக்கினான்.

"ஏலே ஈசுவரா! வேணாம்டா!" கிணற்றடியிலிருந்து மலைச்சாமி ஓடிவந்து அவனைப் பின்னால் இடுப்போடு சேர்த்துப் பிடித்தார். இருவரும் கட்டிப் புரண்டார்கள். அரிவாளைப் பிடுங்க மலைச்சாமி கையை நீட்டினார். ஈஸ்வரன் உதறினான். அந்த ஒரு உதறலில் பெரியவரின் இரண்டு விரல்கள் துண்டாகிப் போயின. ரத்தம் முருங்கை மரத்தில் பீய்ச்சியடித்தது.

மலைச்சாமி கையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். ஈஸ்வரன் அந்தக் கையைப் பார்த்தான். அரிவாள் அவன் பிடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"அண்ணே... அண்ணே, நான் உன்னை வெட்டலண்ணே..." என்று முனகிக்கொண்டு முழங்காலிட்டான்.

சண்டை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஸ்ரீமதிக்கு அது தெரிந்தது. ஆனால் அவள் கண்ணில் பட்டதெல்லாம் பிளந்து கிடந்த பெட்டிகளும், கூழாகிப்போன வெள்ளைப் பொட்டுகளும்தான். மூன்று வருசம். காதுக்குள் ஏதோ இரைந்தது. நீலப்பொட்டு வரிசையிலேயே கனத்த பெட்டியை இரு கையாலும் தாங்குகட்டையிலிருந்து தூக்கினாள். முழங்காலிட்டிருந்தவனின் முதுகில் அப்படியே போட்டாள்.

இந்தத் தேனீக்கள் ஊரவில்லை. புகைபோலக் கிளம்பி அவன் தலையில், காதில், இமையில் அப்பின. அவன் எழுந்து ஓடி, வேலிக்கம்பியில் மோதி விழுந்து புரண்டான். முகம் தெரியவில்லை. மலைச்சாமி துண்டால் தலையை மூடிக்கொண்டு தவழ்ந்து விலகினார். ஸ்ரீமதி வலைக்குள் பத்திரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று பின்னால் கேட்டபோது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அலறுவதற்காக அவன் வாயைத் திறந்தான். தேனீக்கள் வாய்க்குள் போயின. அலறல் பாதியில் அடைத்துக்கொண்டது.

அந்தச் சத்தம் நின்றதும்தான் அவள் உடம்பு அசைந்தது. ஓடிப்போய்த் தன் முகவலையைக் கழற்றி அவன் தலையில் மாட்டினாள். விரலை விட்டு அவன் வாயிலிருந்து தேனீக்களைத் தோண்டி எடுத்தாள். அவள் கழுத்திலும் உதட்டிலும் நெருப்பாகக் கொட்டியது. சட்டைக் காலரைப் பிடித்து, தரதரவென்று மோட்டார் ரூம் வரை இழுத்துப்போய்க் கதவை அடைத்தாள். மலைச்சாமியின் மனைவி பழனியம்மாள் அதற்குள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருந்தாள்.

மருத்துவமனையில் அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே தாழ்வாரத்தில் இடம் கிடைத்தது. ஹரிணிக்கு வீக்கம் வடியத் தொடங்கியிருந்தது. ஈஸ்வரன் பிழைத்துவிடுவான், ஆனால் கருவிழியில் தேனீயின் கொடுக்கு இறங்கிய வலது கண்ணுக்குப் பார்வை திரும்பாது என்றார் மருத்துவர். மலைச்சாமியின் விரல்களை ஒட்டவைக்க முடியவில்லை.

விசாரிக்க வந்த எஸ்.ஐ., கட்டுப்போட்ட கையோடு கிடந்த மலைச்சாமியிடம் முதலில் கேட்டார். "தள்ளுமுள்ளுல பெட்டி தானா விழுந்துருச்சுங்கய்யா" என்றார் அவர்.

"ஏம்மா, அப்படித்தானா?"

ஸ்ரீமதியின் உதடு வீங்கி, பேச்சு குழறியது. எதிர் பெஞ்சில் கௌசல்யா உட்கார்ந்திருந்தாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"இல்ல சார். நான்தான் தூக்கிப் போட்டேன். அவரு அரிவாளக் கீழ போட்ட பொறகு."

மலைச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். கௌசல்யா எழுந்து வந்து ஓங்கி ஓர் அறை விட்டாள். வீங்கிய உதடு வெடித்து ரத்தம் கொட்டியது. எஸ்.ஐ. குறுக்கே பாய்ந்தார். அறைந்தவள் நகரவில்லை.

"எம்புள்ள வாயில போனது எந்தப் பெட்டி ஈ?"

"சீனித்தண்ணி வரிசை. அதுகளுக்கு மகரந்தம் இல்லாம வச்சிருந்தேன். சாப்பாடு சரியில்லாததால மூளை சீக்கிரம் கிழடாகி, வழி மறந்து..."

"பூவெல்லாம் சுத்திப் பூத்துக் கெடக்கு. வாய்க்கு வந்தத எதுக்குப் புடுங்குன?"

தெரிந்துகொள்வதற்காக என்று சொல்ல வந்தாள் ஸ்ரீமதி. கதவுக்கு அந்தப் பக்கம் ஹரிணி இருமுவது கேட்டது.

கௌசல்யா மகளிடம் போனாள். எஸ்.ஐ. ஒரு பெண் காவலரைக் கூப்பிட்டார். ஸ்ரீமதி துப்பட்டாவால் உதட்டை அழுத்திக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் படியிறங்கினாள்.