புள்ளி வைத்த திருப்பங்கள்

பல் மருத்துவர் ஒருவரிடம் இருபது வருடமாக உதவியாளராக இருக்கிறேன். "கொஞ்சங்கூட வலிக்காது" என்று நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்வேன். அது பொய் என்று எனக்கும் தெரியும், வாயைத் திறந்து படுத்திருப்பவருக்கும் தெரியும். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் என் மகளிடமும் பொய் சொன்னேன்.

மகள் பெயர் கெர்த்து. பதினாறு வயது. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, மண்சாலையில் நடக்கும் ராலி கார் பந்தயத்தில் முதல் தடவையாக இறங்கினாள். எங்கள் மத்திய ஃபின்லாந்தில் பதினாறு வயதில் பந்தயம் ஓட்டலாம், ஆனால் கடைக்குப் போகக் கார் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. இந்தச் சட்டத்தை எழுதிய மகராசன் யாரோ, அவனுக்குப் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள். அதனால் பக்கத்து இருக்கைக்கு லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் வேண்டும். பந்தயச் சாலை தொடங்கும் இடம் வரை அவர் ஓட்ட வேண்டும். அங்கே இடம் மாறி உட்கார்ந்து, வரப்போகிற திருப்பங்களை நோட்டைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும்.

என் கணவர் யோவ்னிதான் படிப்பதாக இருந்தது. பழைய காரை வாங்கி, பிரித்துப் போட்டு, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு வைத்துப் பந்தயத்துக்குத் தயார் செய்ததும் அவர்தான். ஆனால் ஓடுகிற காரில் நாலு வரி படித்தால் மனுஷனுக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஒத்திகையில் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்த பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ பஸ்ல மூணு மணி நேரம் தலைய நிமிராம கதை படிப்பியே தர்யா," என்றார் யோவ்னி. "இதுவும் படிக்கிற வேலைதான். என்ன, கொஞ்சம் சத்தமாப் படிக்கணும்."

பந்தயத்துக்கு முந்தின நாள் பந்தயச் சாலைகள் இரண்டையும் பார்க்க விட்டார்கள். நான் மெதுவாக ஓட்ட, கெர்த்து ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் எண் சொல்லி, தானே பென்சிலால் எழுதிக்கொண்டாள். ஒன்று என்றால் காரை ஏறக்குறைய நிறுத்தித் திருப்ப வேண்டும். ஆறு என்றால் வேகத்தைக் குறைக்கவே வேண்டாம். அவள் பாட்டுக்கு "அஞ்சு, அஞ்சு, ஆறு" என்று சொல்லச் சொல்ல நான் இன்னும் மெதுவாக ஓட்டினேன். அவள் கண்ணில் பட்டது சாலை. என் கண்ணில் பட்டதெல்லாம் ஓரத்தில் நின்ற மரங்கள்.

"கோழி கிளறின மாதிரி எழுதியிருக்க. நான் ஒழுங்கா எடுத்தெழுதிக்கறேன்," என்று சொல்லி நோட்டை வாங்கினேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்து புது நோட்டில் எழுதும்போது சில ஐந்துகளை நாலாக்கினேன், சில நாலுகளை மூன்றாக்கினேன். மாற்றிய இடத்தில் எல்லாம், சொத்தைப் பல்லுக்கு நோயாளியின் அட்டையில் வைக்கிற மாதிரி ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். முதல் சாலையில் ஒன்பது புள்ளி, இரண்டாவதில் ஏழு. பழைய நோட்டைச் சவுனா என்கிற எங்கள் நீராவிக் குளியலறை அடுப்பைப் பற்றவைக்கப் போட்டுவிட்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் சாலையின் தொடக்கத்தில், கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் ஜன்னலுக்கு வெளியே ஐந்து விரலைக் காட்டி ஒவ்வொன்றாக மடக்கினார். கடைசி விரல் மடங்கியதும் கார் பாய்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் பாதி ஞாபகமில்லை. கல் வந்து அடியில் அடிக்கிற சத்தமும், யாரோ ஒருத்தி என் குரலில் எண்களைக் கத்திக்கொண்டிருந்ததும்தான் நினைவில் நிற்கிறது. புள்ளி வந்த இடங்களில் மகள் சமர்த்தாகப் பிரேக் பிடித்தாள். முடிந்தபோது கடைசிக்கு முந்தின இடம். எனக்கோ பரம சந்தோஷம்.

இடைவேளைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கார்களை நிறுத்தியிருந்தோம். யோவ்னி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெர்த்து சுட்ட தொத்திறைச்சியைக் கடுகுச் சாந்தில் தோய்த்தாள். வாயில் வைக்கவில்லை.

"தபால் பெட்டிங்க வரிசையா நிக்குமே, அந்தத் திருப்பத்துக்கு நான் அஞ்சு சொன்னேன்," என்றாள். "நீ நாலுன்னு படிச்ச."

"நீ நாலுன்னுதான் எழுதியிருந்த."

"பழைய நோட்டக் காட்டு."

"சவுனா அடுப்புல போட்டாச்சு."

"அம்மா, நீ எதையும் மாத்தலியே?"

"மாத்தறதுக்கு எனக்கென்னடி தெரியும்? சாப்பிடு, ஆறிடும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தொத்திறைச்சியைத் தட்டோடு என் மடியில் வைத்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இரண்டாவது சாலையில் முதல் திருப்பத்துக்கு "வலது நாலு" என்று படித்தேன். புள்ளி இல்லாத, சுத்தமான நாலு. அவள் அதை ஐந்தாக எடுத்தாள். காரின் பின்பக்கம் வழுக்கிப் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியது. அடுத்து "இடது மூணு". அதையும் நாலாக எடுத்தாள். பிர்ச் மரக்கிளை ஒன்று என் பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவள் என்னை நம்பவில்லை. நான் சொல்கிற எல்லாவற்றிலும் ஒன்று கூட்டிக்கொள்கிறாள்.

பக்கத்தைப் புரட்டினேன். ஆறாவது வரியில் படகுக் கொட்டகை இருந்தது. ஒரு மேடு, ஏறி முடிக்கும்வரை அந்தப் பக்கம் எதுவும் தெரியாது, இறங்கியதும் இடது இரண்டு. திரும்பாவிட்டால் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் ஏரி. அங்கே நான் புள்ளி வைக்கவில்லை. அவளே பயந்து இரண்டு என்று சொன்ன ஒரே இடம் அது. நான் இப்போது இரண்டு என்றால் அவள் மூன்றாக எடுப்பாள்.

ஒன்று என்று சொல்லிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது, என் புத்தி அப்படி. ஒன்று கூட்டினால் சரியாக இரண்டு வரும். ஆனால் இந்தத் தடவை ஒன்றுக்குப் பதில் இரண்டைக் கூட்டிக்கொண்டால்? என் வாயிலிருந்து போகிற எண் அவள் தலைக்குள் என்னவாக மாறுகிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பெற்ற பிள்ளை ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், என்னால் அவளுக்கு ஒரு வார்த்தை கொண்டுசேர்க்க முடியவில்லை. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் பட்டதில்லை.

நேர்ச்சாலை வந்தது. வேகம் ஏறிக்கொண்டே போனது.

"கெர்த்து, பொய் சொன்னேன்!" என்று கத்தினேன். "நாந்தான் மாத்தினேன்! மாத்தின எடத்துல புள்ளி வெச்சிருக்கேன். இதுல புள்ளி இல்ல. மேடு, அப்புறம் இடது ரெண்டு. நீ சொன்ன ரெண்டு! நெஜமான ரெண்டு!"

அவள் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு எழவில்லை. மேடு எழும்பி வந்து முன்கண்ணாடியை நிறைத்தது. இனி முடிந்தது என்று நினைத்தபோது பெல்ட் என் நெஞ்சை அறுத்தது. பிரேக் பிடித்துவிட்டாள். மேட்டைத் தாண்டியதும் ஏரி முழுவதும் எனக்கு நேரே இருந்தது. அதற்குள் கொட்டகையின் சிவப்புப் பலகைகள் என் ஜன்னலை உரசுகிற மாதிரி ஓடின. பின்னால் எதுவோ மடமடவென்று முறிந்தது. வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் காபியைக் கொட்டிக்கொண்டு எழுந்து ஓடினார். நாங்கள் சாலையில்தான் இருந்தோம்.

"அடுத்தது," என்றாள் கெர்த்து. குரல் நடுங்கியது. அவளுக்கும் பயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வலது நாலு. இல்ல, புள்ளி இருக்கு, அஞ்சு."

"கதை சொல்லாத. நம்பர மட்டும் சொல்லு."

நம்பரை மட்டும் சொன்னேன். புள்ளி வந்தால் மனதுக்குள் திருத்திக்கொண்டு, உள்ளதை உள்ளபடி. அவள் நான் சொன்னதை அப்படியே எடுத்தாள். கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி மிச்சம். வைக்கோல் கொட்டகைக்குப் பக்கத்தில் பெரிய மேடு. பந்தயக் கார்கள் நாலு சக்கரமும் தரையை விட்டுப் பறக்கிற இடம். ஊர் முழுக்க அங்கேதான் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். அவள் சொன்னது "மேடு, முழுசா", அதாவது காலை எடுக்காமல் முழு வேகத்தில். நான் எழுதியது "மேடு, மெதுவா".

நோட்டைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். இப்போது என்னை நம்புகிறாள். மெதுவா என்று படித்தால் கேள்வி கேட்காமல் காலை எடுத்துவிடுவாள். பத்திரமாகப் போய்ச் சேரலாம், எழுதியிருப்பதைத்தானே படித்தேன் என்றும் சொல்லிக்கொள்ளலாம். நாக்கு நுனியில் அந்த வார்த்தை தயாராக நின்றது.

"மேடு," என்றேன். "முழுசா."

"நெஜமாவா?"

"நெஜமா."

அவள் கால் ஆக்ஸிலரேட்டரில் அடிவரை போனதை என் காலில் உணர்ந்தேன். அடியில் கல் அடிக்கிற சத்தம் சட்டென்று நின்றுபோனது. கண்ணை இறுக மூடிக்கொள்ளத்தான் ஆசை, ஆனால் இறங்கியதும் என்ன திருப்பம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். அந்தரத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தேன்.