மாதுளை நிற ஸ்வெட்டர்

அந்த வீட்டில் அவள் பின்னிய எந்த ஸ்வெட்டரும் அவள் உடம்பில் ஏறியதே கிடையாது. முதலில் பின்னியது கணவனுக்குப் போயிற்று. சரி, கட்டியவன், போகட்டும். அடுத்தது நாத்தனார் மகனுக்கு. அந்தப் பிள்ளை அதை எந்த ரயிலிலோ விட்டுவிட்டு வந்து, "வேற ஒண்ணு பின்னித் தாங்க அத்தை" என்று கூசாமல் கேட்டான். அதையும் பின்னித் தொலைத்தாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறாள் என்று கணவன் அவளுக்கு 'சரிங்க' என்று பட்டப்பெயரே வைத்திருந்தான்.

இந்த முறை மாதுளை நிற நூலைக் கையில் எடுத்தபோதே முடிவு செய்துவிட்டாள். இது எனக்கு. எனக்கு மட்டும்தான்.

மருந்துக்கடை வேலை முடிந்து வரும் பேருந்தில், கைபேசியில் பார்த்துப் பார்த்து ஒரு புது வித்தை கற்றுக்கொண்டாள். முன்பக்கம் திறக்கிற ஸ்வெட்டருக்கு இரண்டு பாதி தனித்தனியாகப் பின்ன வேண்டியதில்லையாம். வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றி, மூடிய குழாயாகவே பின்னிவிடலாம். முன்பக்க நடுவில் கொஞ்சம் பின்னல் கண்ணிகளைக் கூடுதலாக விட்டு, இருபுறமும் நெருக்கித் தையல் போட்டு, கடைசியில் கத்தரியால் நேராக வெட்டிவிட வேண்டுமாம். பின்னியதை வெட்டுவதாவது! யாருக்குக் கை வரும்? சின்னத் துண்டு ஒன்று பின்னி வெட்டிப் பார்த்தாள். தையல் தளர்ந்திருந்ததால் கண்ணி கண்ணியாகக் கழன்று கந்தல் கோலமாயிற்று. இறுக்கித் தைத்த இரண்டாவது துண்டு தாக்குப்பிடித்தது. ஆனாலும் நிஜ ஸ்வெட்டரைப் பின்னி, தையலும் போட்டு முடித்த பிறகு, கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக நாளைக் கடத்தினாள். குளிர்காலம் முழுக்கப் பட்ட பாடாயிற்றே, பிரிந்துவிட்டால்?

அப்படிக் கடத்தியதுதான் வினையாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் தன் கணவருடன் வந்து இறங்கினாள். நாற்காலியில் கிடந்ததைப் பார்த்தாள். இவள் தேநீரோடு கூடத்துக்கு வருவதற்குள் அது அந்த மனுஷர் தலைவழியே இறங்கியிருந்தது.

"அளவெடுத்த மாதிரி இருக்குங்க உங்களுக்கு" என்றாள் நாத்தனார்.

"அது எனக்குப் பின்னினது, அண்ணி."

"உனக்கா? முன்னால மூடித்தானே இருக்கு, ஆம்பளைங்க போடறது. நீதான் எப்பவும் பின்னிக்கிட்டே இருக்கியே, உனக்கு இன்னொண்ணு போட்டுக்கோ."

கணவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அக்கா ஆசைப்படுது. குடுத்துட்டுப் போயேன்."

குடுத்துட்டுப் போயேன். வாய்க்கு எவ்வளவு சுலபம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் இத்தனை நாள் பயம் போன இடம் தெரியவில்லை.

"கழட்டுங்க அண்ணா" என்றாள். "இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு."

அவர் பாவம், உடனே கழற்றிக் கொடுத்தார். அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, சுருக்கம் நீவி, இரண்டு தையலுக்கும் நடுவே கத்தரியை வைத்தாள்.

"ஏய், என்ன பண்றே? பைத்தியமா உனக்கு? மொத்தமும் பிரிஞ்சிடும்."

"பிரிஞ்சா பிரியட்டும் அண்ணி. என்னோடதுதானே."

கீழ் விளிம்பிலிருந்து ஆரம்பித்தாள். கம்பளி நறநறவென்று அறுபட்டது. கணவன் இப்போது செய்தித்தாளை மடக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றான். கழுத்து வரைக்கும் வெட்டி முடித்து, விளிம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். ஒரு கண்ணிகூடக் கழலவில்லை.

எடுத்து மாட்டிக்கொண்டாள். முன்பக்கம் இரண்டாகப் பிரிந்து அழகாகத் தொங்கியது.

"பட்டன் மட்டும் வைக்கணும்" என்றாள்.

நாத்தனாருக்கு முகம் சுண்டிப் போயிற்று. "அப்ப இவருக்கு?"

"கூடையில நூல் இருக்கு, ஊசி இருக்கு. உக்காருங்க அண்ணி, முதல் வரி போடச் சொல்லித் தர்றேன்."

நாத்தனார் உட்காரவில்லை. அவள் கணவர்தான் உட்கார்ந்தார். கூடையைத் தன் பக்கம் இழுத்து, ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதை எப்படிம்மா பிடிக்கணும்?" என்று கேட்டார்.

சொல்லிக் கொடுத்தாள். குளிர் விட்டு நாளாகியிருந்தது, கழுத்தெல்லாம் வியர்த்து வழிந்தது. அவர்கள் கிளம்பிப் போகும்வரை அவள் அந்த ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.