பதினாறாம் தடத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மனிதர்களிடமிருந்து வரவில்லை, ஒரு பிழைச் செய்தியிலிருந்து வந்தது. என் கணினிக்கு வேறு மதர்போர்டு மாட்டி லினக்ஸை ஏற்றியபோது கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடியது. தமிழில் சொன்னால்: 'பதினாறாம் தடம்: யாரும் கண்டுகொள்ளவில்லை.' இயந்திரம் இப்படியெல்லாம் பேசுமா என்று அந்த வரியையே மறுபடி படித்தேன். அப்புறம் எழுத்தாளப் புத்தி விழித்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் அழுகுரல் கேட்டாலும் பேனாவைத் தேடுகிற புத்தி அது.

2

முதல் தொடக்கம்: 'மதர்போர்டு என்பது கணினியின் தாய், அதன் மடியில்—' சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'அவர் படுத்த படுக்கையாகி—' இது பரவாயில்லை. ஆனால் யார் அவர்?

வாதம் வந்து பேச்சுப் போனவர். வலது ஆள்காட்டி விரல் மட்டும் அசையும். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டே போகும். வேண்டிய எழுத்து வரும்போது ஒரு பொத்தானை அழுத்துவார். வாக்கியம் முடிந்ததும் கணினி அதை வாய்விட்டுச் சொல்லும். அந்த மென்பொருள் லினக்ஸில்தான் ஓடும். கட்டற்ற இயங்குதளம் என்பார்கள். கட்டிலோடு கட்டுண்டவருக்கு அதுதான் வாய்த்தது.

திரையிலேயே படித்துக்கொள்ளலாமே என்பீர்கள். அவர் மனைவிக்குக் கண் தெரியாது.

(சினிமாத்தனமாக இருக்கிறது, எனக்கும் தெரியும். அவளுக்குப் பார்வை கொடுத்து ஒருமுறை எழுதிப் பார்த்தேன். கதையே தேவையில்லாமல் போய்விட்டது.)

3

பழைய போர்டு புகைந்து போனது. அவளுடைய தம்பி வேறொன்றை வாங்கி மாட்டினான். எல்லாம் ஓடியது, ஒலி மட்டும் வரவில்லை. அலுவலகத்தில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன் அவன். ஸ்பீக்கரை மாற்றினான். ஒலிக்கான டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினான். பயாஸ் என்கிற அடிமட்ட அமைப்புக்குள் நுழைந்து கண்ணில் பட்டதையெல்லாம் அணைத்தான். ஒன்றுக்கும் மசியவில்லை.

அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து கணவரின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடா, வழிக்கு வருதா?"

"பாக்குறேன்க்கா."

"டாக்டர் மறுபடி போன் பண்ணிட்டார். வயித்துல குழாய் வைக்கணும், இல்லன்னா ரொம்ப நாள் தாங்காதுங்கிறார். அவரே சரின்னு சொல்லட்டும், என் காதால கேட்டுட்டு அப்புறம் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டேன். நான் முடிவு பண்ற விஷயமா இது?"*

* 'சரி என்றால் ஒரு தடவை அழுத்தச் சொல்லலாமே' என்று வரைவைப் படித்த நண்பர் கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதையும் கேட்டுப் பார்த்தாள். விரல் அசையவில்லை. அசதி என்று நினைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

4

கடைசியில் அந்தப் பதினாறாம் தட வரி தம்பியின் கண்ணில் பட்டது.

விஷயம் இதுதான். ஒலிக்கருவிக்கு ஏதாவது வேண்டுமென்றால் பிராசஸரைக் குறுக்கிட்டுக் கூப்பிட வேண்டும். அதற்கென்று ஒரு தடம் உண்டு. புதிய போர்டில் நெட்வொர்க் சிப்பும் அதே தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் கூப்பிட்டது. கூப்பிடுவது யாரென்று புரியாத இயங்குதளம் தடத்தையே மூடிவிட்டது. ஒலியும் அதோடு போயிற்று. தொடக்கக் கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். யார் கூப்பிட்டாலும் ஒவ்வொரு கருவியிடமும் போய் 'நீயா?' என்று அது கேட்டுவிடும்.

தம்பி அந்தச் சொல்லைச் சேர்த்தான். கணினியை அணைத்துப் போடுவதுதான் பாக்கி. அப்போது திரையின் மறுபாதியில் எழுத்துகள் ஊர்ந்தன.

*மச்சான் சரி பண்ணாதே*

திரும்பினான். மாமாவின் கண்கள் அவன் மேலேயே இருந்தன. வாயைத் திறந்தால் அக்காவுக்குக் கேட்கும். விசைப்பலகையில் அடித்தான்: *ஏன் மாமா?*

டக். வெகுநேரம் கழித்து, டக்.

*குரல் வந்தா கேப்பா. வேண்டாம்னு சொல்லணும். அவகிட்ட முடியாது*

*அப்படிச் சொல்லாதீங்க மாமா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்* என்று தம்பி அடித்தான்.

*போதும்டா*

5

முடிவு ஒன்று: குரல் வருகிறது, அவர் மனம் மாறிச் 'சரி' என்கிறார். பொய். எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

முடிவு இரண்டு: தம்பி சேர்த்த சொல்லை அழித்துவிட்டு, 'அக்கா, இந்த போர்டு இனிமே—'

அங்கே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. கால் பிடித்துக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.

"டேய், கமாண்டு அடிச்சா இப்படிச் சத்தம் வராது. நீ கடகடன்னு அடிக்கிற, நிறுத்துற. அப்புறம் அவர் பொத்தான் கேக்குது. மறுபடி நீ. ரெண்டு பேரும் பேசிக்கிறீங்க."

தம்பி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"என்ன சொல்றார்? படி."

இதை நான் திட்டமிடவில்லை. காதாலேயே குடித்தனம் நடத்துகிற ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவரையும் இரகசியம் பேச விட்டது என் முட்டாள்தனம்.

6

தம்பிக்கு நாக்கு எழவில்லை. அவன் வாயில் ஒரு வாக்கியத்தை வைக்கப் பல தடவை முயன்றுவிட்டேன், எனக்கும் எழவில்லை. பாவமாக இருக்கிறது, மூன்று பேரையும் நினைத்தால்.

ஆனால் அந்தத் திரையைப் படித்தவர் இன்னொருவர் இருக்கிறார். நீங்கள். மனதுக்குள் படித்தீர்கள், அது அவளுக்குப் பயன்படாது. இப்போது அவள் முகம் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. மேலே போய் அவர் எழுதியதை அவளுக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படியுங்கள். மனம் வரவில்லையென்றால் மாற்றிப் படியுங்கள். திரையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை.

ஆனால் அவருக்கும் காது நன்றாகக் கேட்கும்.