ஏழா, பன்னிரண்டா

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. வேதியியலில் சர்வதேச அமைப்புகளின் பங்கு பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். 'தனிமங்களுக்குப் பெயர் வைப்பதிலிருந்து அணு எடைகளைத் திருத்துவது வரை, சம்பளம் வாங்காமல் கூடி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளும்...' என்று தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டு அண்ணிக்குப் போன் போட்டேன். அண்ணி குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளர்.

2

அண்ணி சொன்னது இது. சர்வதேச அமைப்பு ஒன்று ஒரே தண்ணீரைக் குப்பிகளில் அடைத்துப் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகிறது. அதில் ஈயம் எவ்வளவு என்று சொல்வதில்லை. அவரவர் அளந்து எழுதி அனுப்ப வேண்டும். பிறகுதான் யார் கருவி நேர், யாருடையது கோணல் என்று தெரியும். முகம் கொடுத்துப் பேசாத நாடுகள்கூட அந்த ஒரே தண்ணீரை அளக்கின்றன. எனக்குச் சிலிர்த்துவிட்டது. (கட்டுரைக்காரன் எட்டிப் பார்க்கிறான். கண்டுகொள்ளாதீர்கள்.)

அண்ணிக்கு ஏழு வந்தது. லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்று அளப்பார்கள்; குடிநீரில் பத்தைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. அன்று மாலை, அதே குப்பி போயிருந்த வேறொரு கூடத்தில் வேலை பார்க்கும் தோழி போனில் ஊர்க்கதை பேசிக்கொண்டே உளறிவிட்டாள்.

"எங்களுக்குப் பன்னெண்டு. உனக்கு எவ்வளவுடி?"

அண்ணி பேச்சை மாற்றினார். மகள் படிக்கும் பள்ளியின் கிணற்றுக்கு அதே கருவிதான் எட்டு காட்டியது. குடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவரும் அண்ணிதான். கருவி குறைத்துக் காட்டுகிறது என்றால், பிள்ளைகள் இத்தனை நாளாக

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அண்ணியாலும்தான்.)

3

அண்ணி இரண்டு எண்களையும் தன் கூடத்து மேலாளரிடம் சொன்னார். அவரை முதலில் வில்லனாக எழுதினேன். மீசைகூட வைத்தேன். படித்துவிட்டு அண்ணி கோபித்துக்கொண்டார். தங்கமான மனுஷராம், கூடத்தின் அங்கீகாரம் போனால் எல்லார் பிழைப்பும் போகுமே என்று பயந்தாராம். மீசையை எடுத்துவிட்டேன்.

"பன்னெண்டுன்னு போட்டுருங்க மேடம். மெஷினைச் சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மைதான். அந்த அமைப்புக்குப் போலீஸ் கிடையாது.

இந்த இடத்தில் அண்ணி பொங்கியெழுந்து வசனம் பேசுவதாக... இல்லை, பேசவில்லை. கருவியைக் காட்டி ஒன்றே ஒன்று கேட்டார்:

"அவளும் இப்படி யார்கிட்டயாவது கேட்டுப் பன்னெண்டு போட்டிருந்தா என்ன சார் பண்றது?"

ஆளாளுக்குப் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினால், குப்பிக்குள் இருப்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. கட்டுரையில் மாநாடு, கொடி, மேடை என்று அடுக்கியிருந்தேன். ஆனால் யாரும் பார்க்காத அறையில் ஒருத்தி தனக்கு வந்ததை மட்டும் எழுதுவாள் என்ற நம்பிக்கையில்தான் அத்தனையும் நிற்கிறது. அப்படி நம்பத் துணிந்தவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

4

அண்ணி ஏழு என்றே அனுப்பினார். கையோடு பள்ளிக்குப் போன் செய்து, தன் அளவில் சந்தேகம் இருக்கிறது, தெரியும்வரை கிணற்றை மூடிவையுங்கள் என்றார். பள்ளியில் தண்ணீரில்லை என்று தெருவே அண்ணியைக் கரித்துக்கொட்டியது. வகுப்பில் கேலி செய்கிறார்கள் என்று மகள் அழுதாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அண்ணி மட்டும் சரி, உலகமே தப்பு. மற்றதில் கருவி கோணல், அங்கீகாரம் அம்போ.

அமைப்பின் அறிக்கை வந்துவிட்டது. கூடங்களின் பெயர் அதில் இல்லை, ஆளுக்கொரு குறியீடுதான். தவறியவர்கள் மானம் சந்தி சிரிக்கக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். சரியான அளவு எனக்குத் தெரியும். எதைப் போடட்டும் என்று அண்ணியைக் கேட்டேன்.

"எதையும் போடாத. அனுப்பினப்ப எனக்கு மட்டும் தெரியுமா என்ன?"

ஆகவே, வாசகரே, கொஞ்சம் மேலாளருக்கு எதிரே வந்து உட்காருங்கள். உங்களுக்கு வந்தது ஏழு. காதில் விழுந்தது பன்னிரண்டு. எழுதுங்கள்.