ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

அலுவலகத்தில் அவருக்குக் கூட்டத்தார் என்று பெயர். ஆள் என்னவோ தனியாக வந்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாக வீட்டுக்குப் போகிறவர்தான். ஆனால் உட்கார்ந்து ஒரு வரி எழுதினார் என்றால் எட்டுப் பேரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

பஸ் டிக்கெட் விற்கும் ஓர் இணையதளத்தில் அவருக்கு வேலை. புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் தட்டினால் போதும். அந்தத் தளம் ஊரில் உள்ள பஸ் கம்பெனிகளின் கணினிகளிடமெல்லாம் ஓடிப்போய், இடம் இருக்கிறதா, என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு, நீங்கள் மூக்கைச் சொறிந்து முடிப்பதற்குள் திரும்பி வந்து ஒப்பிக்கும். ஓர் இருக்கையைத் தொட்டால் உங்களுக்காக அதைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும். பக்கத்திலேயே ஒரு கடிகாரம் ஓடும். அது நிற்பதற்குள் பணம் கட்டாவிட்டால் இருக்கையை விட்டுவிடும். இதெல்லாம் மற்றவர்கள் செய்த வேலை. கூட்டத்தாரின் பங்கு ஒரே ஒரு சிவப்பு வரி: 'இந்தப் பயணத்தை இப்போது ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.'

அந்த ஐந்து பேரையும் பெற்றவர் கூட்டத்தார். வேறு தாய் தகப்பன் அவர்களுக்குக் கிடையாது. கணினி தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணை எடுத்துப் போடும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் அவர் கையைத் தாராளமாக விட்டுவிட்டார். மலைமேல் இருக்கும் ஒரு குட்டி ஊருக்குப் போகிற வண்டியை, அந்த ஊர் ஜனத்தொகையைப் போல இரண்டு மடங்குப் பேர் பார்ப்பதாகக் காட்டிவிட்டது. மேலாளர் அம்மா கூப்பிட்டு, "கொஞ்சம் குறைச்சுக்குங்க சார். செத்தவங்களும் சேர்ந்து டிக்கெட் எடுக்கறாங்க போல இருக்கு" என்றார். அதற்குப் பிறகு கூட்டம் ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவதில்லை. நடுநடுவே ஓர் ஆளைக் குறைத்தும் இரண்டு ஆளைக் கூட்டியும் காட்டும்படி அதற்கு நடிப்பும் சொல்லிக்கொடுத்தார்.

இதில் ஒரு நியாயம் வைத்திருந்தார். தானாக நிரம்பும் வண்டிக்கு அந்த வரி வராது. ஈ ஓட்டுகிற வண்டிக்குத்தான் வரும். ஓட்டுநரும் அவர் நிழலும் மட்டும் போகிற வண்டி என்றால், 'ஒரே ஓர் இருக்கைதான் மீதம்' என்று இன்னொரு வரியும் சேர்ந்துகொள்ளும். அதன் கீழே 'இந்த விலையில்' என்று எழுதியிருக்கும், எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவில். யாருக்கு என்ன நஷ்டம்? எப்படியும் போகப்போகிறவர்களைச் சற்று முன்னால் கிளப்பிவிடுகிறோம் என்று கூட்டத்தார் நினைத்திருந்தார்.

அவருக்கு ஓர் அக்கா. அம்மா போன பிறகு அவரை ஆளாக்கியவள். இங்கிருந்து ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் போனால் வருகிற ஊரில், தனியாக இருந்தாள். அக்காவிடம் ஒரு வியாதி இருந்தது: யாரைக் கண்டாலும் வழிவிட்டுவிடுவாள். காலில் முள் குத்திக்கொண்டு ஒருமுறை டாக்டரிடம் போனவள், பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் அனுப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில் டாக்டரே கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். இவ்வளவு நேரம் காத்திருந்த முள்ளுக்கே அலுத்துப்போய், அதுவாக வெளியே வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறினால் முதலில் உட்கார்ந்த இடத்தைக் கொடுப்பாள், அப்புறம் நின்ற இடத்தைக் கொடுப்பாள், அப்புறம் இறங்கி நடப்பாள்.

அந்த அக்கா, கூட்டத்தாரின் ஒரே மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுவேன் என்று சொன்னவள்தான். கல்யாணம் முடிந்து போன் செய்து கேட்டபோது, "வர முடியலடா" என்றாள். ஏன் என்று கேட்டால் அதற்கும் அதே பதில். கூட்டத்தார் போனைக் கீழே வைத்தார். வைத்தவர் ஆறு வருஷம் எடுக்கவில்லை.

மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அத்தைக்கு என்ன கஷ்டமோ, போய்க் கேளுங்கப்பா" என்பாள். கூட்டத்தாருக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிடும். இப்போது அவளுக்கு ஒரு குழந்தை பிறந்திருந்தது. அதே சமயத்தில், அக்கா நாலு மாதம் முன்னாலேயே குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள் என்று சேதியும் வந்தது. "நீங்க போய் அத்தையைக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா இந்தக் கைக்குழந்தையோட நானே போறேன்" என்று மகள் நின்றுவிட்டாள். கூட்டத்தார் புறப்பட்டார். வழி நெடுக, காரணத்தை அவளாகச் சொல்லட்டும் என்று வீம்பைச் சுமந்துகொண்டு போனார்.

ஒரு சலவைக்கடைக்கு மேலே அக்காவின் வீடு. படிக்கட்டு முழுக்க சோப்புத்தூள் வாசமும் இஸ்திரி ஆவியும். கட்டிலைச் சன்னலோரம் நகர்த்திப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நாலு கால் வைத்த ஊன்றுகோல். அதன்மேல் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய கால் அதிகம் உபயோகித்ததாகத் தெரியவில்லை. துண்டுதான் உபயோகித்தது.

"வாடா" என்றாள் அக்கா, ஆறு வருஷம் என்பது அரை மணி நேரம் மாதிரி. "சாப்டியா?"

கூட்டத்தார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உனக்கு என்னக்கா குறை வச்சேன்? ஏன் வரல?" என்றார். அவளாகச் சொல்லட்டும் என்று சுமந்து வந்த வீம்பை வாசலிலேயே போட்டு உடைத்தாயிற்று.

அக்கா மழுப்பினாள். தண்ணீர் குடிக்கச் சொன்னாள். விசிறியை இவர் பக்கம் திருப்பினாள். விடமாட்டார் என்று தெரிந்ததும் மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். கீழ்க்கடைக்காரம்மாவிடம் கேட்டு, டிக்கெட் எடுக்கத் தானே கற்றுக்கொண்டாளாம். தம்பி வேலை செய்கிற இடம் என்று அந்தத் தளத்தைத்தான் திறந்தாளாம். ஒரே ஓர் இருக்கைதான் இருந்தது. அதைத் தொட்டதும் பக்கத்தில் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. மேலே பார்த்தால், ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எனக்கு அடுத்தவங்க மடியில உக்காந்த மாதிரி ஆயிடுச்சுடா. அஞ்சு பேருக்கு என்னென்ன அவசரமோ. யாருக்காவது பிரசவமா இருக்கும், யாரையாவது கடைசியா ஒரு தடவை பாக்கப் போறவங்களா இருக்கும். நான் கல்யாணச் சாப்பாடு சாப்பிடத்தான போறேன்? விட்டுட்டேன்."

மறுநாள் பார்த்தாள். அப்போது ஏழு பேர். வேறு வண்டியைத் தொட்டாள், அங்கேயும் ஆட்கள். எதைத் தொட்டாலும் யாரோ நின்றார்கள். எல்லோரும் போய்ச் சேரட்டும் என்று காத்திருந்ததில் கல்யாணம் முடிந்துவிட்டது.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்னக்கா?"

"சொன்னா திட்டுவே. அதுவுமில்லாம, வழி விட்டேன் விட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா அப்புறம் அது வழி விட்டதா ஆகுமா?" அக்கா தலையணையைச் சரிசெய்துகொண்டாள். "அந்த இடம் யாருக்குக் கிடைச்சுதுன்னு உனக்குத் தெரியுமாடா? உங்க கம்பெனில இருக்குமில்ல?"

இந்த இடத்தில் ஒரு கர்ப்பிணியை உண்டாக்கிச் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். இல்லாத ஆளை உண்டாக்குவதில் கூட்டத்தாருக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. லட்சக்கணக்கில் உண்டாக்கியவர். ஆனால் அன்றைக்கு வாயைத் திறந்தும் ஓர் ஆள்கூட வந்து நிற்கவில்லை.

"யாருமே இல்லக்கா. அந்த வரி நான் எழுதினது."

"நீயா எழுதினே?" அக்காவின் முகம் மலர்ந்தது. "அதான பார்த்தேன், எவ்வளவு அழகா சிவப்புல இருந்துச்சு. நீ எழுதினதுன்னா அப்புறம் அது எப்படிடா பொய்யா இருக்கும்?"

கூட்டத்தார் மறுபடியும் விளக்கினார். கணினி எண்ணை எடுத்துப் போடுவது, நிரம்பாத வண்டிக்கு மட்டும் அந்த வரி வருவது, எறும்பு எழுத்து, எல்லாவற்றையும் சொன்னார். அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சிரித்துக்கொண்டே சொல்கிற விஷயம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கீழே சலவை இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"அப்ப வண்டி காலியாவா போச்சு?"

"கிட்டத்தட்ட மொத்தமுமே காலிக்கா."

"சன்னல் பக்கமே கிடைச்சிருக்கும்" என்றாள்.

இப்போதே போகலாம், கார் பிடித்துக்கொண்டு வருகிறேன், பின்னால் படுத்துக்கொண்டே வரலாம் என்று கூட்டத்தார் கெஞ்சினார். முடியாது என்று அக்கா தலையாட்டினாள். எலும்பு சரியாகக் கூடவில்லையாம். இனிமேல் நீண்ட பயணம் கிடையாது, மாடிப்படியே அதிகம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டாள். அவர் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"முன் வரிசையில உனக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வச்சிருந்தேன்கா. கடைசி வரைக்கும் யாரையும் உக்கார விடல. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருத்தர், குச்சி ஊனிக்கிட்டு வந்தவரு, கேட்டாரு. எங்க அக்கா வந்துருவான்னு சொல்லிட்டேன்."

"அவரு நின்னுக்கிட்டேவா இருந்தாரு?"

"ஆமா."

"உக்கார வச்சிருக்கலாமேடா" என்றாள் அக்கா. அதுவரை கலங்காத கண் அப்போது கலங்கியது. பெரியவருக்காகவா, நாற்காலிக்காகவா என்று கேட்கிற தைரியம் கூட்டத்தாருக்கு இல்லை.